ஒன்பதாம் எண்ணின் சர்வீஸ்

சரவணா,

போனில் சொல்லிவிடலாம் என்று இந்த வாரத்தில் மூன்று முறை உன்னை அழைத்தேன். மூன்று முறையும் உன் குரலைக் கேட்டதும் தைரியம் போய்விட்டது. "சாப்ட்டியா? அங்க மழையா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். மந்தைவெளிக்கும் அடையாறுக்கும் நடுவே அப்படி என்ன மழை வித்தியாசம் இருந்துவிடப் போகிறது! நீயும் சந்தேகப்பட்டு, "அப்பா ஏன் அடிக்கடி போன் பண்றாரு, உடம்பு நல்லாத்தானே இருக்கு?" என்று அம்மாவிடம் விசாரித்தாயாம். உடம்பு நன்றாக இருக்கிறது. எழுபதை நெருங்குகிறவனுக்கு இருக்க வேண்டிய அளவுக்கு இருக்கிறது. பதினோரு வருடமாக உன்னிடம் சொல்லாமல் வைத்திருக்கும் ஒன்றை ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் சொல்லியாக வேண்டும். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

ஞாயிற்றுக்கிழமை என்ன என்று உனக்குத் தெரியும். கல்லூரிகளுக்கு இடையிலான வாலிபால் போட்டியின் இறுதி ஆட்டம். நீ ஆடிய அதே மைதானம், அதே போட்டி. இந்த வருடம் ஆட்டம் தொடங்கும் முன் மேடையில் எனக்கு மரியாதை செய்கிறார்கள். முப்பது வருடம் ஸ்கோர் மேஜையில் உட்கார்ந்ததற்காக. பொன்னாடையை உன் கையால் போர்த்த வேண்டும் என்று அவர்கள் கேட்க, நீ ஒரு நொடிகூட யோசிக்காமல் "நான் வரேன்" என்றாயாம். மேடையில் வாசிக்கப் போகும் குறிப்பை எனக்கு முன்கூட்டியே அனுப்பியிருந்தார்கள். அதன் இரண்டாவது வரியே நாம் இருவரும்தான்: "இறுதி ஆட்டத்தில் சொந்த மகனின் தவறையே மணி அடித்துச் சொன்ன நேர்மையாளர்." அந்த வரியைப் படித்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

உனக்குத் தெரிந்த சில விஷயங்களையும் விளக்கி எழுதுகிறேன், பொறுத்துக்கொள். நித்யாவும் இதைப் படிக்க வேண்டும். அவள் உன்னைத் திருமணம் செய்துகொண்டபோது நீ பந்தைத் தொடுவதையே விட்டிருந்தாய். ஸ்கோரர் என்றால் புள்ளி எண்ணுகிறவன் என்று பலர் நினைக்கிறார்கள். புள்ளியை மைதானத்தில் இருக்கிற எல்லாரும்தான் எண்ணுகிறார்கள். ஸ்கோரரின் முக்கிய வேலை வரிசையைக் காப்பது. ஆறு பேர் எந்த வரிசையில் நிற்பார்கள், யாருக்குப் பின் யார் சர்வீஸ் போடுவார்கள் என்று ஒவ்வொரு செட்டுக்கு முன்பும் கோச் ஒரு சின்னச் சீட்டில் எழுதித் தருவார். அதைப் பார்த்து நான் பெரிய தாளில் ஏற்ற வேண்டும். வரிசை மாறி வேறு ஆள் சர்வீஸ் போட்டுவிட்டால் மேஜை மணியை அடிக்க வேண்டும். புள்ளி எதிரணிக்குப் போய்விடும். அந்த நேரத்தில் ஸ்கோரர் சொல்வதுதான் வேதம்.

என் பெயர் அந்த வட்டாரத்தில் எப்படிப்பட்டது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பெயரின் முதல் பலி நீதான். எட்டாம் வகுப்பில் கணக்கு வாத்தியார் கூட்டலில் பிசகி உனக்கு நான்கு மதிப்பெண் அதிகம் போட்டிருந்தார். நான் கண்டுபிடித்தேன். மறுநாள் அலுவலகத்துக்கு அரை நாள் விடுப்புப் போட்டு உன்னைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போய், நீயே வாத்தியாரிடம் காட்டி அந்த நான்கையும் குறைக்கச் சொல்ல வைத்தேன். வகுப்பில் மூன்றாவதாக இருந்த நீ ஐந்தாவதாகப் போனாய். வீடு திரும்பியதும் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதாய். "எதுக்குங்க இப்படி" என்று அம்மா கேட்டதற்கு, "நாளைக்கு இவன் எங்க போனாலும் தலை நிமிந்து நிப்பான்" என்றேன். அதோடு விட்டேனா? அலுவலகத்தில், மைதானத்தில், உறவினர் வீட்டுத் திருமணங்களில் என்று அந்தக் கதையைச் சொல்லாத இடம் இல்லை. அது உன் நேர்மையைப் பற்றிய கதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். யோசித்துப் பார்த்தால் எல்லா இடத்திலும் அதில் நான்தான் நாயகன்.

பதினோரு வருடத்துக்கு முன்னால், நீ ஆடிய இறுதி ஆட்டத்தன்று மேஜைக்குப் போட்டிருந்த ஸ்கோரருக்குக் காய்ச்சல். காலையில் எனக்கு அழைப்பு வந்தது. "என் பையன் டீம்தான் ஆடுது, வேற யாராவது பாருங்களேன்" என்று பேச்சுக்குச் சொன்னேன். "அதனாலதான் சார் உங்களக் கூப்புடறோம். நீங்க உக்காந்தா ஒரு பய வாயத் தொறக்க மாட்டான்" என்றார்கள். எனக்கு உள்ளூரக் குளிர்ந்துவிட்டது. தகப்பன் உட்கார வேண்டிய இடம் பார்வையாளர் வரிசை. உன் அம்மா அங்கேதான் குடையோடு உட்கார்ந்திருந்தாள். நான் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையும், பையில் இரண்டு நிறப் பேனாவுமாக மேஜைக்குப் போனேன்.

நீ கேப்டன். ஒன்பதாம் எண் பனியன். ஐந்தாம் எண் அந்தோணி, பட்டினப்பாக்கத்துப் பையன், வரிசையில் உனக்கு அடுத்து சர்வீஸ் போட வேண்டியவன். அன்று காலை உன் வலது கை நடுவிரல் வீங்கியிருந்தது. அம்மா மஞ்சள் பற்றுப் போட்டு, "ஒரு மேட்ச்தானே, விடேன்டா" என்றாள். "பல்கலைக்கழக டீமுக்கு ஆள் எடுக்கறவங்க வராங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனாய். அதில் இடம் கிடைத்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு வழி உண்டு என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆளுக்கு இரண்டு செட். ஐந்தாவது செட்டுக்குப் போனது.

ஐந்தாவது செட் பதினைந்து புள்ளி. அதில் ஒரு சடங்கு உண்டு. ஒரு அணி எட்டைத் தொட்டதும் இரு அணியும் பக்கம் மாறும். அப்போது ஸ்கோரர், இடது பக்கம் ஆடிக்கொண்டிருந்த அணியின் வரிசையையும் புள்ளிகளையும் தாளின் வலது ஓரத்தில் உள்ள புதுக் கட்டத்தில் மறுபடி எழுத வேண்டும். எழுதி முடிக்க அரை நிமிடம்கூடக் கிடைக்காது. இடது பக்கம் ஆடியது உன் அணி. நூற்றுக்கணக்கான முறை கண்ணை மூடிக்கொண்டு செய்த வேலை. அன்று நான் நடுவில் தலையைத் தூக்கினேன். நீ மேஜைக்கு முன்னால் நடந்து போய்க்கொண்டிருந்தாய். விரலில் சுற்றியிருந்த பிளாஸ்டர் அவிழ்ந்து தொங்க, அதைப் பல்லால் கடித்து இழுத்து இறுக்கிக்கொண்டே போனாய். அந்த விரல் கறுத்திருந்தது. என் பிள்ளைக்கு வலிக்கிறதே என்று நினைத்தேன். அவ்வளவுதான். குனிந்து மீதியை எழுதி முடித்தேன். ஒன்பது, ஐந்து என்று எழுத வேண்டியதை ஐந்து, ஒன்பது என்று எழுதியிருந்தேன்.

ஆம், சரவணா. வரிசை மாறியது உன் அணியில் இல்லை, என் தாளில்.

பதின்மூன்றுக்குப் பதின்மூன்று. சர்வீஸ் உன் அணிக்கு வந்தது. நீ பந்தை வாங்கிக்கொண்டு கோட்டுக்குப் பின்னால் போனாய். சந்தேகம் இருந்தால், அடுத்து யார் சர்வீஸ் என்று கேப்டன் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். நீ கேட்கவில்லை. உனக்கு உறுதியாகத் தெரிந்திருந்தது. நீ அடித்த பந்து எதிரணியின் பின்கோட்டுக்குள் விழுந்தது, ஒருவரும் அசையவில்லை. உன் அணிப் பையன்கள் ஓடி வந்து உன்னைத் தூக்கினார்கள். நான் மணியை அடித்துக்கொண்டிருந்தேன்.

உதவி நடுவர் மேஜைக்கு வந்தார். நீயும் வந்தாய். மைதானத்தில் நீ என்னை அப்பா என்று கூப்பிட்டதே இல்லை.

"சார், ஆர்டர் கரெக்ட் சார். நான்தான் சார் போடணும். லைன்-அப் சீட்ட ஒரே ஒரு வாட்டி பாருங்க சார்" என்றாய்.

அந்தச் சீட்டு என் எழுது அட்டைக்கு அடியில் இருந்தது. அதுகூட வேண்டாம், அதே தாளின் இடது ஓரத்தில், செட் தொடங்கும்போது நானே எழுதிய சரியான வரிசை இருந்தது. அதன்மேல் என் முழங்கை இருந்தது. வேண்டுமென்று வைக்கவில்லை, ஆனால் எடுக்கவும் இல்லை. வலது கட்டத்தில் விரலை வைத்து, "ஷீட்ல அஞ்சாம் நம்பர்தான். இதுல பாக்கறதுக்கு ஒண்ணும் இல்ல" என்றேன். உதவி நடுவர் என் விரல் காட்டிய இடத்தை மட்டும் பார்த்தார். "சொந்தப் பையனுக்கு எதிரா சாரே சொல்றாரு, அப்புறம் என்னப்பா பேச்சு?" என்று உன்னை அனுப்பிவிட்டார். நீ இரண்டடி பின்னால் நடந்தாய். திரும்பவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டே பின்னால் நடந்தாய். கோபமாகப் பார்த்திருந்தால் இத்தனை வருடத்தில் எனக்கு மறந்திருக்கும். ஒருவேளை நாம்தான் தப்போ என்று நீ யோசிக்க ஆரம்பித்த பார்வை அது.

பதினான்கு அவர்களுக்கு. என் தாளின்படி உன்னையும் அந்தோணியையும் இடம் மாற்றி நிற்க வைத்தார்கள். அடுத்த சர்வீஸ் உங்கள் இருவருக்கும் நடுவில் விழுந்தது. யார் எடுப்பது என்று இருவருக்கும் தெரியவில்லை. ஆட்டம் முடிந்தது. உங்கள் கோச் எல்லார் முன்னாலும், "சர்வீஸ் ஆர்டர் தெரியாதவன் என்னடா கேப்டன்?" என்றார். நீ தலைகுனிந்து வந்து தாளில் கையெழுத்துப் போட்டாய். அந்தோணிதான் உன் தோளைப் பிடித்து உலுக்கினான். "மச்சி, நீ கரெக்டாதான் நின்ன. இன்னாத்துக்கு கம்முனு கீற? கேளு மச்சி!" நீ சொன்ன பதில் எனக்குக் கேட்டது. "அப்பா தப்பா எழுத மாட்டாருடா."

இதற்குப் பிறகு நான் செய்ததுதான் குற்றம். அதுவரை நடந்தது பிழை. தாளையும் சீட்டுகளையும் சேர்த்துக் குத்துவதற்காக அட்டையைத் தூக்கினேன். சீட்டில் கோச்சின் கையெழுத்தில் ஒன்பது, அதற்கு அடுத்து ஐந்து. தாளின் இடது ஓரத்தைப் பார்த்தேன், ஒன்பது, ஐந்து. வலது ஓரத்தைப் பார்த்தேன், ஐந்து, ஒன்பது. கோப்பை இன்னும் மேடையில்தான் இருந்தது. சிறப்பு விருந்தினர் காபி குடித்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து நின்று நான்கு வார்த்தை சொல்லியிருந்தால் முடிவு மாறியிருக்குமா, தெரியாது. உன் மேல் விழுந்த பழியாவது அந்த இடத்திலேயே போயிருக்கும். அதற்குள் போட்டி நடத்தியவர்கள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "இந்தக் காலத்துல உங்கள மாதிரி ஒரு மனுஷனா சார்!" என்றார்கள். ஒருவர் தன் கழுத்தில் கிடந்த துண்டை எடுத்து எனக்குப் போட்டார். சுற்றி இருந்தவர்கள் கை தட்டினார்கள். நான் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். தாளைக் கொடுத்துவிட்டேன். நான் எழுதிய தாளை யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை.

அன்று வீட்டுக்கு வந்து நீ முழங்கால் பட்டையைக் கழற்றி வைத்தவன்தான். பல்கலைக்கழக அணிப் பட்டியலில் உன் பெயர் இல்லை. உன் ஷூவை அந்தோணிக்குக் கொடுத்துவிட்டாய். அம்மா மட்டும் ஒரு நாள், எனக்குச் சோறு போட்டுக்கொண்டே, "உங்க பேரைக் காப்பாத்திக்கிட்டீங்க. புள்ளையத்தான் விட்டுட்டீங்க" என்றாள். அவளுக்கு உண்மை தெரியாது. தெரியாமலே சரியாகச் சொன்னாள். நான் அவளிடம் கோபித்துக்கொண்டு பாதிச் சாப்பாட்டில் எழுந்தேன்.

நீ நன்றாகத்தான் இருக்கிறாய், நான் மறுக்கவில்லை. படித்தாய், கிண்டியில் நல்ல வேலை, நல்ல பெண், இப்போது அவளுக்கு ஏழாவது மாதம். இதையெல்லாம் சொல்லிச் சொல்லித்தான் இத்தனை வருடம் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். ஆனால் போன மாதம் உன் வீட்டிலிருந்து மூவரும் டாக்டரிடம் கிளம்பினோமே, நினைவிருக்கிறதா? நீ கதவைப் பூட்டினாய். இரண்டு மாடி இறங்கியதும் திரும்ப ஏறிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்தாய். காரில் ஏறியதும் மறுபடி இறங்கினாய். நித்யா சிரித்துக்கொண்டே, "தினமும் இப்படித்தான் மாமா. ஆபீஸ்ல ஒரு மெயில் அனுப்பறதுக்கு நாலு வாட்டி படிப்பாரு. கேட்டா, எனக்கு என் மேலயே நம்பிக்கை இல்லம்மாங்கறாரு" என்றாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நீ பிறவியிலேயே அப்படிப்பட்டவன் இல்லை. பதின்மூன்றுக்குப் பதின்மூன்றில் யாரையும் கேட்காமல் பந்தை வாங்கிக்கொண்டு போனவன் நீ. உன் கண்ணை நீயே நம்பாமல் போகும்படி செய்தது நான்.

மேடைக் குறிப்பைப் படித்த மறுநாள் கோடம்பாக்கம் போய் உங்கள் கோச்சைப் பார்த்தேன். ஓய்வு பெற்று, சர்க்கரை வியாதியில் இளைத்துப் போயிருக்கிறார். சீட்டை அவர் கையில் கொடுத்து நடந்ததைச் சொன்னேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைப் பார்த்தார்.

"என் கையெழுத்துதான் சார். நான் எழுதினதுதான். அன்னைக்கே எனக்கு இது ஞாபகம் இருந்துச்சு. நீங்க மணி அடிச்சதும், நான்தான் மாத்தி எழுதிட்டேன் போலிருக்குன்னு நெனச்சுக்கிட்டேன். அந்தக் கடுப்புலதான் பையனத் திட்டினேன்" என்றார். பிறகு, "இதை எனக்கு எதுக்கு சார் காட்டறீங்க? அவனுக்குக் காட்டுங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

தன் கையால் எழுதியதையே ஒரு மனிதர் சந்தேகப்பட்டிருக்கிறார், எதிரே உட்கார்ந்திருந்தது நான் என்பதால். நல்ல பெயர் என்று நான் முப்பது வருடம் சேர்த்தது கடைசியில் இதற்குத்தான் பயன்பட்டிருக்கிறது. வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "ஞாயித்துக்கிழமை மேடையில சொல்லிடுங்க. ஆனா அதுக்கு முன்னாடி அவன்கிட்ட சொல்லுங்க. மொதல்ல ஊருக்குச் சொல்லிட்டு அங்கயும் கைதட்டல் வாங்கிடாதீங்க" என்றாள். என்னை முழுக்கப் புரிந்துவைத்திருக்கிறாள்.

அதனால் முதலில் உனக்கு. ஞாயிற்றுக்கிழமை மைக் என் கைக்கு வந்ததும் இதைச் சொல்வேன், அந்த இரண்டாவது வரியை நீக்கச் சொல்வேன். பொன்னாடை வேண்டாம் என்று போட்டி நடத்துகிறவர்களிடம் நேற்றே சொல்லிவிட்டேன், காரணத்தை மட்டும் சொல்லவில்லை. அந்தோணிக்கும் தனியாகச் சொல்ல வேண்டும். அவன் நம்பர் உன்னிடம்தான் இருக்கிறது. நீ வர வேண்டும் என்று நான் கேட்க மாட்டேன். நீ வராவிட்டால் எனக்குப் புரியும். கொஞ்ச நாள் என் போனை எடுக்காவிட்டாலும் புரியும். மன்னித்துவிடு என்று எழுதிப் பார்த்து அடித்துவிட்டேன். நான்கு மதிப்பெண்ணுக்கு எட்டாம் வகுப்புப் பிள்ளையை ஊரறிய நடத்திக் கூட்டிப் போனவன் கேட்கிற மன்னிப்பு அவ்வளவு மலிவாக இருக்கக் கூடாது.

உனக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு இல்லை, ஆனாலும் பிறக்கப்போகும் பிள்ளைக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அது உன்னிடம் வந்து, "ஒரே ஒரு வாட்டி பாருங்க" என்று கேட்டால், நூறு பேர் முன்னால் கேட்டாலும், நீதான் சரி என்று உனக்கு எவ்வளவு நிச்சயமாகத் தெரிந்தாலும், பார். பத்து நொடி வேலை. அன்று என் முழங்கையைத் தூக்கியிருந்தாலே போதும். நான் தூக்கவில்லை.

சீட்டை இதோடு வைத்திருக்கிறேன். மடிப்பில் கிழியத் தொடங்கியிருக்கிறது, மெதுவாகப் பிரி. முதல் கட்டத்திலிருந்து வரிசையாகப் படித்துப் பார், பிறகு நித்யாவிடம் கொடு, அவளும் படிக்கட்டும். அதன்பின் வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டுக் கீழே இறங்கினால் திரும்பி ஏறாதே, கண்ணா. நீ பூட்டியிருப்பாய். அன்று மேஜைக்கு முன்னால் நின்று நீ கேட்ட கேள்விக்கு ஸ்கோரரின் பதில் இது: ஒன்பதாம் எண் சரியான இடத்தில் நின்றது. சர்வீஸ் செல்லும். புள்ளி உங்களுடையது.

அப்பா